கொல்லை மரத்திலும் பூச்செடியிலும் பூச்சி: செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீட்டுக் கொல்லைகளில் பெரும்பாலும் இவைதான் நிற்கும்: இரண்டு மூன்று தென்னை, ஒரு மா, கொய்யா, எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை, கிணற்றடியில் செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, ஓரமாக ஒரு மல்லிகைப் பாத்தி. செம்மண், நீண்ட கோடை, ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழை. எந்தப் பூச்சி எப்போது வரும் என்பதை இந்த மூன்றும்தான் முடிவு செய்கின்றன. கீழே சொல்லியிருக்கும் அளவுகள் வீட்டுத் தோட்டத்துக்கானவை.

இலையை ஏதோ தின்கிறது. முதலில் என்ன மருந்து அடிக்கலாம்?

எதுவும் வேண்டாம். முதல் வேலை இலையைத் திருப்பிப் பார்ப்பது. பூச்சிகளில் பாதிக்கு மேல் இலையின் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும். காலை 6 மணிக்கு ஒருமுறை பாருங்கள், இரவு 8 மணிக்கு டார்ச் விளக்கோடு ஒருமுறை பாருங்கள். பகலில் மண்ணில் ஒளிந்திருக்கும் புழுவும் வண்டும் இரவில்தான் மேலே ஏறும்.

சேதத்தைப் பார்த்தாலே ஆளைப் பிடிக்கலாம். ஓரத்திலிருந்து இலை குறைந்து, கீழ் இலையில் மிளகு போல எச்சம் கிடந்தால் மேலே புழு இருக்கிறது. இலை முழுசாக இருந்தும் சுருண்டு, மஞ்சளாகி, தொட்டால் பிசுபிசுத்தால் அது சாறு உறிஞ்சும் கூட்டம்: அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி. பிசுபிசுப்பு எந்த இலையில் இருக்கிறதோ அதற்கு மேலே இருக்கும் இலையில் தேடுங்கள், ஒழுக்கு மேலிருந்துதான் விழுகிறது. இலை வெளிறி, ஊசியால் குத்தியது போலப் புள்ளி விழுந்திருந்தால் ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். தாளில் நகரும் தூசி சிவப்பாக இருந்தால் செம்பேன், மெலிந்து நீண்டு பழுப்பாக இருந்தால் இலைப்பேன்.

ரோஜா இலையில் கத்தரிக்கோலால் வெட்டியது போல வட்டம் வட்டமாகத் துண்டு போயிருந்தால் விட்டுவிடுங்கள். அது இலைவெட்டித் தேனீயின் வேலை. கூடு கட்ட இலைத்துண்டை எடுத்துக்கொண்டு போகிறது. செடிக்கு நட்டமில்லை, மகரந்தச் சேர்க்கைக்கு லாபம்.

செடி முழுக்க எறும்பு ஊர்கிறது. எறும்புப் பொடி போடட்டுமா?

எறும்பு செடியைத் தின்ன வரவில்லை. அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக வருகிறது. அந்த நீருக்குக் கூலியாக அவற்றைக் காவல் காக்கிறது, பொறிவண்டு பக்கத்தில் வந்தால் விரட்டுகிறது, மாவுப்பூச்சிக் குஞ்சைப் புதுக்கிளைக்குச் சுமந்தும் போகிறது. ஆகவே எறும்பு வரிசை தகவல் சொல்ல வந்த ஆள் மாதிரி. அது எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர்ந்தால் பூச்சிக் கூட்டம் அகப்படும்.

எறும்பை ஏறவிடாமல் செய்தாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீரும். மரத்தண்டில் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் 15 செ.மீ. அகலத்துக்கு பாலித்தீன் தாளை இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையின் மேல் நேராகக் கிரீஸ் தடவினால் இளமரத்தின் பட்டை வெந்துபோகும். சுற்றுச்சுவரையோ துணிக்கொடியையோ கிளை தொட்டுக்கொண்டிருந்தால் எறும்புக்கு அது பாலம், அதையும் வெட்டிவிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள்.

மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் செம்முசுறு வேறு சாதி. கடித்தால் சுரீரென்று இருக்கும், ஆனால் புழு, தத்துப்பூச்சி, வண்டு எல்லாவற்றையும் வேட்டையாடும். செதில் பூச்சியைச் சில இடங்களில் அதுவும் வளர்க்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் பறிக்கும் கிளையில் உள்ள கூட்டை மட்டும் எடுத்துவிட்டு, உச்சிக்கூட்டை விட்டுவைப்பதே நல்லது.

செம்பருத்தி நுனியெல்லாம் சுருண்டு, பஞ்சு ஒட்டியது போல இருக்கிறது. செடியையே பிடுங்கிவிடலாமா?

பிடுங்க வேண்டாம். இது மாவுப்பூச்சி. பங்குனி, சித்திரை வெயிலில் வேகமாகப் பெருகும். மருந்து பலிக்காமல் போவதற்குக் காரணம் அதன் மேலுள்ள மெழுகு. தண்ணீர் அதன்மேல் ஒட்டாமல் உருண்டு விழும். முட்டையும் மெழுகுப் பைக்குள் பத்திரமாக இருக்கும்.

முதலில், சுருண்ட நுனிகளை ஒரு சாண் கீழே வெட்டி, வெட்டிய கையோடு சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். கொல்லை மூலையில் வீசினால் இரண்டு நாளில் ஊர்ந்து திரும்பி வந்துவிடும். அடுத்து, ஓஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, இலையடியிலும் கணுவிலும் வேகமாகப் பீய்ச்சுங்கள். மூன்று நாள் விடாமல் காலையில் இதைச் செய்தால் கூட்டம் பாதிக்கு மேல் குறையும். அதன் பிறகுதான் தெளிப்பு: 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், 5 மி.லி. திரவ சோப்பு. பூச்சி உடம்பில் நனையும்படி அடித்தால்தான் வேலை செய்யும், இலை மேல்பக்கம் மட்டும் நனைந்தால் வீண். 7 நாள் இடைவெளியில் 3 முறை அடியுங்கள். முதல் தடவைக்குத் தப்பிய முட்டை பொரிந்து வருவதை இரண்டாவது, மூன்றாவது தடவைதான் பிடிக்கும். ஒரே தடவையோடு நிறுத்திவிட்டு “மருந்து சரியில்லை” என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

தொட்டிச் செடியில் பத்துப் பதினைந்து பூச்சிதான் என்றால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தாலே போதும்.

ஒரு எச்சரிக்கை. மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவில் அதைவிடப் பெரிதாக, நீள நீளமான வெள்ளைத் தொங்கல்களோடு சுறுசுறுப்பாக ஓடும் ஒன்றைக் கண்டால் நசுக்காதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி மெதுவாக நகரும், இது ஓடும். அந்த ஒரு வித்தியாசம் போதும்.

நட்புப் பூச்சி மீது இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவர்கள் பப்பாளி மாவுப்பூச்சியை நினைத்துப் பார்க்கலாம். 2008இல் கோவைப் பக்கம் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெளுக்க வைத்தது. எத்தனையோ மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த அசிரோபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்கு அரிதாகத் தெரியும் குளவியை விட்ட பிறகுதான் அடங்கியது.

வேப்பெண்ணெய் அடித்தோம், இலை கருகிவிட்டது. ஏன்?

மூன்று தவறுகளில் ஒன்று நடந்திருக்கும். எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து, கடைசியில் வெறும் எண்ணெயாக இலையில் விழுந்திருக்கும். அல்லது உச்சி வெயிலில் அடித்திருப்பீர்கள். அல்லது தண்ணீர் காட்டாமல் காய்ந்து கிடந்த செடியில் அடித்திருப்பீர்கள்.

கலக்கும் முறை இதுதான்: முதலில் எண்ணெயையும் சோப்பையும் மட்டும் ஒரு கிண்ணத்தில் நன்றாகக் குழைக்க வேண்டும். பிறகு ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பால் போல வெளுக்கும்வரை கலக்க வேண்டும். அதன் பின்தான் மீதித் தண்ணீர். அடிக்கும்போதும் தெளிப்பானை அடிக்கடி குலுக்குங்கள். சில ஊர்களில் போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டுவிடும். அங்கே பிடித்துவைத்த மழைத் தண்ணீரில் கலப்பது உத்தமம். மாலை 5 மணிக்கு மேல் தெளியுங்கள். தேனீ கூடு திரும்பியிருக்கும், இலையும் சூடாறியிருக்கும். மென்மையான செடிக்கு முதல்நாள் இரண்டு இலையில் மட்டும் அடித்துப் பார்த்து, மறுநாள் கருகாவிட்டால் முழுச் செடிக்கும் அடிக்கலாம்.

வீட்டிலேயே வேப்பங்கொட்டைக் கரைசல் செய்ய முடியுமா?

வேப்பமரம் நிற்கும் வீட்டில் கடையில் வாங்குவது அநாவசியச் செலவு. ஆனி, ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான சணல் சாக்கில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடித்து வீரியம் போய்விடும். மூன்று மாதத்துக்குப் பிறகு எடுத்து, எட்டுப் பத்து மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

5 லிட்டர் கரைசலுக்கு ஓடு நீக்கிய பருப்பு 250 கிராம். உரலிலோ மிக்சியிலோ ஒன்றிரண்டாக இடித்து, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, ராத்திரி முழுக்க 1 லிட்டர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் மூட்டையைப் பிழியப் பிழிய வெள்ளையாகப் பால் வரும். நிறம் போகும்வரை பிழிந்து, இரண்டு தடவை வடிகட்டி, 10 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, 5 லிட்டராக நிரப்புங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் குறையும் என்பதால் இதற்கும் மாலை நேரம்தான்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வேம்பு அடித்தவுடன் பூச்சி சுருண்டு விழாது. தின்பதை நிறுத்தும், தோலுரிக்க முடியாமல் நான்கைந்து நாளில் சாகும். மறுநாளே புழு உயிரோடு இருக்கிறதே என்று கடை மருந்துக்கு ஓட வேண்டாம்.

ஆச்சி அடுப்புச் சாம்பல் தூவச் சொல்கிறார்கள். பயன் உண்டா?

அசுவினிக்கும் சின்ன வண்டுகளுக்கும் ஓரளவு உண்டு. விறகுச் சாம்பலைச் சலித்து, பனி ஈரம் காயுமுன் இலையில் லேசாகத் தூவி, மூன்றாம் நாள் கழுவிவிடுங்கள். தடிமனாகப் படிந்தால் இலைக்கு வெளிச்சம் குறையும். குப்பைச் சாம்பல், பிளாஸ்டிக் எரித்த சாம்பல் கூடவே கூடாது.

தென்னையின் புதுமட்டை விசிறி போல வெட்டுப்பட்டு விரிகிறது. என்ன பூச்சி?

காண்டாமிருக வண்டு. குருத்து மடிந்திருக்கும்போதே துளைத்துச் சாறு குடிக்கும். மட்டை விரியும்போது அந்த ஒரே துளை பல ஓலைகளில் வரிசையாக, கத்தரித்தது போலத் தெரியும். இன்று கண்ணில் படும் வெட்டு சில வாரங்களுக்கு முன் நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

வண்டு மரத்தில் பிறப்பதில்லை. எருக்குழியிலும், மக்கிய குப்பையிலும், வெட்டிப் போட்டு உளுத்த தென்னங்கட்டையிலும் பிறக்கிறது. கொல்லையில் பட்டுப்போன தென்னையை வெட்டி மதிலோரம் உருட்டி வைத்துவிட்டு, பக்கத்தில் புதுக்கன்று நட்டிருக்கும் வீடுகளைப் பார்த்தால் மனசு கேட்காது. அந்தக் கட்டையைப் பிளந்து பாருங்கள், அரைவட்டமாகச் சுருண்ட, விரல் தடிமனான வெள்ளைப் புழுக்கள் இருக்கும். நான்கு முதல் ஆறு மாதம் அங்கேயே வளர்ந்து வண்டாகி, இரவில் பறந்து குருத்துக்குப் போகும். கட்டையை விறகாக்கி எரியுங்கள். எருக்குழியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறி, புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைக் குழியில் கலந்து ஈரம் காத்தாலும் புழு நோய்வாய்ப்பட்டுச் சாகும்.

மரத்தில் செய்ய வேண்டியது: குருத்தடியில் நார்த்துகள் தள்ளிக் கிடக்கும் துளையில் முனை வளைந்த கம்பியை விட்டு வண்டைக் குத்தி இழுப்பது. அதன் பின் உள்மட்டை மூன்றின் கக்கத்தில், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் போடுங்கள். இளங்கன்றாக இருந்தால் கக்கத்துக்கு ஒன்றாக மூன்று அந்துருண்டை வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கு ஒருமுறை மாற்றலாம். அந்துருண்டையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், மிட்டாய் என்று வாயில் போட்டுவிடுவார்கள்.

1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து, சின்ன மண்பானைகளில் ஊற்றி வைத்தால் புளித்த வாடைக்கு வண்டு வந்து விழும். பானையை மரத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மரத்தடியிலேயே வைத்தால் பக்கத்துத் தோப்பு வண்டையும் நம் குருத்துக்கு அழைத்ததாகிவிடும்.

தென்னந்தண்டில் துளை, பழுப்பாக ஒழுகுகிறது. இதுவும் அதே வண்டா?

இல்லை, இது சிவப்புக் கூன்வண்டு. மரத்தையே கொல்லும். தண்டில் காதை வைத்தால் உள்ளே கறகறவென்று கடிக்கும் சத்தம் கேட்கும். துளையில் மென்று துப்பிய நார் தெரியும். காயம்பட்ட இடத்தின் வாடையைப் பிடித்துத்தான் முட்டையிட வருகிறது. ஆகையால் தண்டில் படிக்கட்டு போலக் கொத்துவது, ஆணி அடித்து விளக்கு மாட்டுவது, பச்சை மட்டையை அடியோடு ஒட்ட வெட்டுவது எல்லாம் அதற்கு வாசல் திறந்து வைப்பது. பச்சை மட்டையை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் 4 அடி காம்பு விட்டு வெட்டுங்கள். காண்டாமிருக வண்டு போட்ட துளையும் இதற்கு வழிதான், அதனால்தான் முந்தைய கேள்விக்கான வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. கொண்டை சாய்ந்துவிட்ட மரத்தைக் காப்பாற்ற முடியாது. வெட்டி, தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் புழுவோடும் கூட்டோடும் எரித்தால்தான் மற்ற மரம் பிழைக்கும்.

தென்னை ஓலையும் அடியில் நிற்கும் கொய்யா, வாழை இலையும் கரி பூசியது போலக் கறுத்துவிட்டன.

கறுப்பு நோய் போலத் தெரியும். ஆனால் காரணம் ஓலையின் அடியில் இருக்கும் சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்டு, பிறகு எல்லா மாவட்டத்துக்கும் பரவியது. முட்டையைக் கோலம் போட்டது போலச் சுருள் சுருளாக வெள்ளை மெழுகோடு இடும். அது கழிக்கும் இனிப்பு நீரின் மேல் வளர்வதுதான் கரும்பூசணம். பூசணம் இலைக்குள் இறங்குவதில்லை, வெளிச்சத்தை மட்டுமே மறைக்கிறது.

இதற்குப் பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். என்கார்சியா என்ற குளவி இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அழிக்கிறது. மருந்தில் முதலில் சாவது அதுதான், ஈ மறுபடி பெருகிவிடும். ஓலையடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஆள் உயரத்தில் கட்டுங்கள். கரும்பூசணத்துக்கு 1 லிட்டர் தண்ணீரில் 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்ததும் கரிப்படலத்தோடு உரிந்து விழும். ஓலையில் கறுத்த கூட்டுப்புழுக்கள் தென்பட்டால் அவை குளவி குத்தியவை. அந்த ஓலைத் துண்டைக் குளவி இல்லாத மரத்தில் கட்டிவிடலாம்.

மாம்பூ நிறைய வந்தும் கருகி உதிர்கிறது. மரத்தடியில் போனால் சடசடவென்று சத்தம்.

அந்தச் சத்தம் ஆப்பு வடிவத் தத்துப்பூச்சி இலையிலிருந்து இலைக்குத் தாவுவது. பூ இல்லாத காலத்தில் பட்டை வெடிப்பில் பதுங்கியிருந்து, மார்கழி தை மாதங்களில் பூங்கொத்து நீளும்போது இறங்கும். கிளை அடர்ந்து இருட்டாக இருக்கும் மரத்தில்தான் அதிகம். காய் பறித்து முடிந்ததும் ஆடி, ஆவணியில் உள்ளே நெருங்கிய கிளைகளை வெட்டி, வெயில் தரையில் விழும்படி செய்யுங்கள். பூங்கொத்து தலைகாட்டும்போதே தண்டு, பட்டை, கொத்து எல்லாம் நனைய 1 லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய் அடித்து, 10 நாளில் ஒருமுறை திரும்ப அடியுங்கள். பூ விரிந்த பிறகு எந்தத் தெளிப்பும் வேண்டாம். மாம்பூவுக்கு ஈயும் தேனீயும் வராவிட்டால் பிஞ்சே பிடிக்காது.

மாம்பழம் வெளியே நன்றாக இருக்கிறது, அறுத்தால் புழு.

பழ ஈ. காய் முற்றும்போது தோலுக்கடியில் முட்டை வைத்துவிடும், கொய்யாவுக்கும் இதேதான். உள்ளே போன புழுவுக்கு மருந்து இல்லை, அடுத்த தலைமுறையைத்தான் தடுக்க முடியும். விழுந்த பழத்தை தினமும் பொறுக்கி, கறுப்பு பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். பழத்திலிருந்து இறங்கும் புழு மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். மரத்தடியைக் கொத்திவிட்டால் வெயிலும் கோழியும் மைனாவும் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் பாட்டிலில் நான்கு துளையிட்டு, மீத்தைல் யூஜினால் என்ற வாசனைப் பொருளில் ஊறிய கட்டையைத் தொங்கவிட்டால் ஈ வந்து மாட்டும். அறுவடைக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே கட்ட வேண்டும். மாட்டுவது ஆண் ஈ மட்டும்தான். பொறி நிறைந்துவிட்டது என்று விழுந்த பழத்தைப் பொறுக்காமல் விட்டால் பயனில்லை. துளசியிலும் அந்த வாசனைப் பொருள் இருக்கிறது, கசக்கிப்போட்டால் கொஞ்சம் ஈ வரும், ஆனால் வீரியம் குறைவு. வீட்டு உபயோகத்துக்குப் பத்துப் பதினைந்து பழம் போதும் என்றால், முற்றும் முன் காகித உறை கட்டிவிடுவதை மிஞ்சிய வழி இல்லை.

எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கிறது, தினமும் இலை குறைகிறது.

அந்த எச்சமேதான் புழு. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. கடைசிப் பருவத்தில் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கவையை நீட்டி நாற்றம் விடும், கடிக்காது. கையால் எடுத்தாலே போதும். மரம் பெரிதாகிவிட்டால் நாலைந்து புழுவை வண்ணத்துப்பூச்சியாக விட்டுவிடலாம்.

இளந்தளிரில் வெள்ளிக் கோடு நெளிந்தால் இலைத்துளைப்பான். முற்றிய இலையை அது தொடாது. யூரியாவை அள்ளிப் போட்டால் ஓயாமல் தளிர் வரும், துளைப்பானும் ஓயாது. தளிர்க்கும் சமயம் மட்டும் வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள்.

கறிவேப்பிலைக் கொழுந்து சுருண்டு வெள்ளை நூல் தெரிந்தால் அது சில்லிடு என்ற பூச்சி. எலுமிச்சைக்குப் பசுமையாதல் நோயைச் சுமந்து வருவதும் அதுவே. இரண்டையும் ஒட்டி நடாதீர்கள். கொழுந்தை ஒடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கறிவேப்பிலையைப் பச்சையாகத் தாளிக்கிறோம், ரசாயன மருந்தை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

மழைக்குப் பின் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடக்கிறது. கொளுத்திவிடலாமா?

பந்தம் காட்டுவது பழைய வழக்கம். ஆனால் பட்டை வெந்துபோகும், அனலில் மேலெழும் ரோமம் கண்ணில் விழும் ஆபத்தும் உண்டு. பகலில் தண்டில் கூட்டமாக ஓய்வெடுப்பதுதான் அதன் பலவீனம். 1 லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோசின் சோப்பைக் கரைத்து அந்தக் கூட்டத்தின் மேலேயே அடியுங்கள். கிடைக்காவிட்டால் கெட்டியான சோப்புத் தண்ணீரை அடித்து, நீண்ட துடைப்பத்தால் வாளிக்குள் வழித்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். ரோமம் பட்டால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் உள்ளே இறங்கும். செல்லோடேப்பை ஒட்டி உரித்தெடுத்துப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் அலசிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

மல்லிகை மொட்டு ஊதாவாகி உதிர்கிறது.

இரண்டு பேர் காரணமாக இருக்கலாம். மொட்டில் ஓட்டை, பக்கத்து மொட்டுகள் நூலால் பின்னிக் கிடந்தால் மொட்டுப்புழு. ஓட்டையில்லாமல் அடி வீங்கி, நிறம் மாறி, வளராமல் காய்ந்தால் மொட்டு ஈ. ஈயின் புழு மண்ணில் கூடு கட்டுவதால், கெட்ட மொட்டை தினமும் பறித்து எரித்து, செடியடியைக் கொத்தி, செடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்குக் கவாத்து செய்து, வெட்டியதை எரித்த பாத்தியில் பங்குனியில் பூச்சி குறைவாகவே இருக்கும். கோடையில் பழுப்பேறி நூலாம்படை கட்டிய இலை செம்பேன். அது தூசியும் வறட்சியும் உள்ள இடத்தில்தான் பெருகும், மாலையில் இலையடி நனையத் தண்ணீர் அடித்தாலே அடங்கும்.

நந்தியாவட்டையில் விரல் நீளத்துக்குப் பச்சைப் புழு, தலையருகே நீலக் கண் போல இருக்கிறது. விஷமா?

விஷமில்லை. அரளி அந்துப்பூச்சியின் புழு. அந்தக் கண் பறவையைப் பயமுறுத்த. ஒன்றிரண்டுதான் இருக்கும், கையால் எடுத்துவிடுங்கள். அரளி நுனியில் அப்பிக்கிடக்கும் எலுமிச்சை நிற அசுவினியை விரலால் வழித்துத் தண்ணீர் பீய்ச்சினால் போதும். நடுவே பழுப்பாக உப்பிய அசுவினி இருந்தால் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது, சோப்புக்கூட அடிக்க வேண்டாம். அரளிப் பால் நஞ்சு, கையுறை அவசியம். அரளியில் வெள்ளியாகப் பளபளக்கும் கூட்டைப் பார்த்தால் அப்படியே விடுங்கள், கருவண்ண வண்ணத்துப்பூச்சி வெளிவரும்.

மாந்தண்டில் கரையான் மண் அப்பியிருக்கிறது.

வளர்ந்த மரத்தில் அது செத்த பட்டையைத்தான் தின்கிறது. மண்ணைச் சுரண்டிவிட்டால் போதும். புதுக்கன்றுக்கு மட்டும் ஆபத்து, குழிக்கு அரை கிலோ வேப்பம் புண்ணாக்கு போட்டு நடுங்கள். ஆனால் கரையான் மண் கொல்லையிலிருந்து வீட்டுச் சுவர் வழியாக ஏறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பர்மாத் தேக்குத் தூணைவிட அதன்மேலுள்ள மற்ற மரச்சட்டங்களை அது முதலில் பிடிக்கும். வெட்டிய மரத்தையும் விறகையும் பின்கட்டுச் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள்.

கடை மருந்து வாங்கியே ஆக வேண்டுமென்றால்?

டப்பாவில் ஒரு சாய்சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. கிணறும் மாடும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கொல்லைக்குச் சிவப்பும் மஞ்சளும் வேண்டாம். உதிரியாகக் குளிர்பான பாட்டிலில் ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள். லேபிளில் உங்கள் செடியின் பெயரும், தெளித்த பின் காத்திருக்க வேண்டிய நாளும் இல்லாத மருந்தை உண்ணும் மரத்தில் அடிக்கக் கூடாது.

வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. பார்த்துக்கொள்பவரிடம் என்ன சொல்லிவிட்டு வரலாம்?

மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாரம் ஒருமுறை நான்கு வேலை: விழுந்த பழம் பொறுக்குவது, எறும்பு ஏறாமல் மரத்தில் சுற்றிய கிரீஸ் தாளைப் பார்ப்பது, செம்பருத்தி நுனியைத் திருப்பிப் பார்ப்பது, தென்னங்குருத்தை அண்ணாந்து பார்த்து படம் எடுத்து அனுப்புவது. கிளம்பும் முன் உளுத்த கட்டை, பழைய எருமேடு இரண்டையும் காலி செய்துவிடுங்கள். இது ஒன்றே பாதி வேலை.

என்ன பூச்சி என்றே தெரியவில்லை. யாரிடம் காட்டலாம்?

சிவகங்கை மாவட்டத்தில் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம், செட்டிநாட்டில் உள்ள உலர்நில வேளாண் ஆராய்ச்சி நிலையம், புதுக்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு வம்பன் நிலையம் ஆகிய இடங்களில் காட்டலாம். செத்த இலையை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பூச்சி உயிரோடு இருக்கும் இலையைக் காற்றுத்துளை போட்ட டப்பாவில், உலர்ந்த காகிதம் போட்டு வையுங்கள். ஈரப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் போய்ச் சேருமுன் அழுகிவிடும். செடி முழுதும் தெரியும்படி ஒரு படம், இலையடி தெரியும்படி ஒரு படம், கடைசியாக எப்போது, என்ன தெளித்தீர்கள் என்ற விவரம். இவ்வளவும் இருந்தால் பெயரைக் கண்டுபிடிப்பது எளிது.